முதல் தகவல் அறிக்கை

முதல் தகவல் அறிக்கை என்பது, குற்றம் ஒன்று நிகழ்ந்தது குறித்துக் காவல் நிலையத்துக்கு முதலில் கிடைக்கும் தகவலைப் பதிவு செய்யும் ஆவணம் ஆகும். இந்தியாவில் இது எஃப்.ஐ.ஆர். எனவும் பரவலாக அழைக்கப்படுகின்றது. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154 ஆவது பிரிவில் இடம்பெற்றிருந்த இதற்கான விதி, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 173 ஆவது பிரிவில் உள்ளது.

எக்குற்றங்களுக்குப் பொருந்தும்

கொலை, கொள்ளை போன்ற குற்றங்களில் நீதிமன்ற ஆணையின்றியே காவல்துறை புலனாய்வைத் தொடங்கலாம். இவை பிடியாணை வேண்டாக் குற்றங்கள் எனப்படும். இவற்றுக்கே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படுகின்றது. அவதூறு போன்ற பிற குற்றங்களைப் புலனாய்வு செய்ய நீதித்துறை நடுவரின் ஆணை தேவை.

பதிவு செய்யும் முறை

பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றி, குற்றத்தைப் பற்றி அறிந்த எவரும் தகவல் தரலாம். வாய்மொழியாகச் சொன்னால், காவல் அலுவலர் அதனை எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். குற்றம் வேறு காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற மறுக்க இயலாது. அறிக்கையின் படி இலவசமாகத் தரப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் புகார் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வழங்கப்படும் சி.எஸ்.ஆர். ரசீது, முதல் தகவல் அறிக்கை ஆகாது.

பதிவு செய்ய மறுத்தால்

தகவலில் பிடியாணை வேண்டாக் குற்றம் வெளிப்பட்டால் பதிவு செய்வது கட்டாயம் என, லலிதா குமாரி வழக்கில் 2013 இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகம், மருத்துவக் கவனக்குறைவு போன்ற சிலவற்றில் மட்டும் முதற்கட்ட விசாரணைக்கு அது இடமளித்தது. புதிய சட்டம், மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், உயர் அலுவலரின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணையை முடிக்க அனுமதிக்கின்றது.

மறுக்கப்பட்டவர் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் தகவல் அனுப்பலாம். அதிலும் பயனில்லையெனில் நீதித்துறை நடுவரிடம் விண்ணப்பிக்கலாம்.

சான்று மதிப்பு

முதல் தகவல் அறிக்கை புலனாய்வின் தொடக்கமேயன்றி, குற்றத்துக்கான சான்று அன்று. தகவல் தந்தவர் நீதிமன்றத்தில் அளிக்கும் சாட்சியத்தை உறுதிப்படுத்தவோ முரண்பாட்டைக் காட்டவோ இது பயன்படும். தகவல் தருவதில் விளக்கமற்ற காலதாமதம் ஏற்பட்டிருந்தால் நீதிமன்றம் ஐயம் கொள்ளலாம். அறிக்கையில் பெயர் இடம்பெற்றிருப்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பையே சாரும்.