கம்பெனி பணம் உள்ளூர் டிரஸ்டுக்கு கிடைப்பது எப்படி? பேப்பர் சரியில்லாவிட்டால் 'கோவிந்தா'தான்!

காஞ்சிபுரம்:-

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை என்று திரும்பிய பக்கமெல்லாம் பெரிய பெரிய கம்பெனிகள். லாபத்தில் ஒரு பங்கை மக்களுக்கு செலவு செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு சட்டமே இருக்கிறது. ஆனால் பக்கத்து ஊரில் மாலை டியூஷன் நடத்தும் சின்ன டிரஸ்டோ, ஏரியில் சீமைக்கருவேலம் வெட்டும் இளைஞர் சங்கமோ உதவி கேட்டுப் போனால், பல நேரம் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டி இருக்கிறது. வேலை சரியில்லை என்பதால் அல்ல. கையில் உரிய பேப்பர் இல்லை என்பதால்தான்!

அந்தப் பணம் யாருக்கு, எப்படி போகிறது? விவரம் வருமாறு:-

100-க்கு 2 ரூபாய்

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனிகளை அந்த சட்டம் வளையத்துக்குள் கொண்டு வந்தது. முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்கு செலவிட வேண்டும். 'சி.எஸ்.ஆர். நிதி' என்று சொல்வது இதைத்தான். சராசரி லாபம் ரூ.40 கோடி என்றால் ரூ.80 லட்சம் ஒதுக்க வேண்டும்.

முடிவு யார் கையில்?

மேனேஜர் நினைத்த மாத்திரத்தில் செக் எழுதித்தர முடியாது. கம்பெனியின் சி.எஸ்.ஆர். கமிட்டி ஆண்டு செயல்திட்டம் போட்டு பரிந்துரை செய்யும். டைரக்டர்கள் போர்டு அதற்கு ஒப்புதல் தரும். செலவிட வேண்டிய தொகை ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால் தனி கமிட்டி தேவையில்லை. போர்டே பார்த்துக்கொள்ளும்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. எனவே செயல்திட்டம் தயாராகும் முன்பே மனு கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். மார்ச் மாதம் போய் நின்றால் 'அடுத்த வருஷம் வாங்க' என்ற பதில்தான் வரும்.

எதற்கு கிடைக்கும்?

கல்வி, மருத்துவம், குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல், மாற்றுத்திறனாளிகள் மற்றும் முதியோர் நலன், கிராம மேம்பாடு என்று சட்டத்தின் 7-வது அட்டவணையில் பட்டியலே உள்ளது. அரசியல் கட்சிக்கு கொடுப்பது, சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்வது எல்லாம் கணக்கில் சேராது. ஒரு நாள் கூத்தான மாரத்தான், விருது விழாவுக்கும் இடமில்லை.

என்னென்ன வேண்டும்?

* முதலில் பதிவு. அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கமற்ற 8-வது பிரிவு கம்பெனியாகவோ இருக்க வேண்டும். 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தாலே சங்கம் தொடங்கலாம்.

* அமைப்பின் பெயரில் பான் கார்டு, வங்கிக்கணக்கு. தலைவர் பெயரில் உள்ள கணக்கு செல்லாது.

* வருமான வரித்துறையில், 12ஏ, 80ஜி என்று அறியப்படும் பதிவுகள்.

* சி.எஸ்.ஆர்.-1 படிவம். 2021 ஏப்ரல் 1-ந்தேதி முதல் இது கட்டாயம். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் இவர்களில் ஒருவர் சான்று அளிக்க வேண்டும். அதன்பிறகு அமைப்புக்கு தனி எண் கிடைக்கும்.

* வெளி அமைப்பு என்றால், அதே மாதிரி பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம்.

சிக்கல் எங்கே?

அந்த கடைசி நிபந்தனையில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 10 வருஷமாக ஊருக்கு உழைத்திருப்பார்கள். ஆனால் ரசீது இருக்காது, ஆடிட் செய்த கணக்கு இருக்காது, போட்டோ கூட இருக்காது. 'நாங்க செஞ்சது ஊருக்கே தெரியும்' என்றால் போர்டு ரூமில் எடுபடாது. கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானது என்று கம்பெனியின் நிதி அதிகாரி சான்று தர வேண்டும். அதனால்தான் அவர்கள் ஒவ்வொரு பில்லையும் கேட்கிறார்கள்.

புது சங்கத்துக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கம்பெனி நேரடியாகவே வேலையை செய்து கொடுக்கலாம். பள்ளிக்கு கழிவறை வேண்டும் என்றால், பணத்தை கேட்காமல் கழிவறையை கேட்கலாம். சி.எஸ்.ஆர். எண் வைத்திருக்கும் அனுபவமுள்ள அமைப்போடு கைகோர்த்தும் செய்யலாம்.

ஊர் பணம் டெல்லிக்கு!

தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்திருக்கிறது. அதாவது ஒரகடத்தில் சம்பாதித்ததை வேறு மாநிலத்திலும் செலவிடலாம்.

செலவாகாத பணம் என்ன ஆகும்? நடந்துகொண்டிருக்கும் திட்டத்துக்கு உரியது என்றால் 30 நாளில் தனி வங்கிக்கணக்கில் போட்டு 3 நிதியாண்டுக்குள் செலவிட வேண்டும். மற்றது நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற நிதிகளுக்கு போய்விடும். உள்ளூரில் கேட்க சரியான ஆள் இல்லை என்றால் நஷ்டம் ஊருக்குத்தான்.

கமிஷன் ஆசாமிகள் உஷார்

'இத்தனை சதவீதம் வெட்டினால் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். சி.எஸ்.ஆர். விதிகளில் புரோக்கருக்கு இடமே கிடையாது. இணையதளம் வைத்திருக்கும் கம்பெனிகள் தங்கள் சி.எஸ்.ஆர். கொள்கை, கமிட்டி உறுப்பினர்கள், ஒப்புதல் பெற்ற திட்டங்கள் ஆகியவற்றை அதில் வெளியிட வேண்டும் என்பது விதி. எந்த கம்பெனி எந்த வேலைக்கு பணம் தருகிறது என்பதை அதில் பார்த்துவிட்டு, அதற்கு பொருத்தமான திட்டத்தோடு போனால் மனு குப்பைத்தொட்டிக்கு போகாது.

இன்றைக்கு ஒரு நோட்டு வாங்கி வரவு-செலவு எழுதத் தொடங்கும் சங்கம்தான், 3 வருஷம் கழித்து கம்பெனி வாசலில் தைரியமாக நிற்க முடியும்.