பகை முடிந்த களங்கள்

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகச் சென்றால், கொல்லிமலை திடீரென எழுந்து நிற்கும் அடிவாரத்தில் புளியஞ்சோலை வரும். மலைமேலிருந்து ஆகாயகங்கையாக விழும் அய்யாறு இங்கே பாறைகளுக்கிடையே ஓடையாகத் தவழ்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் சிலருடன் நாம் அங்கே ஒரு பகற்பொழுதைக் கழித்தோம். ளுஹர் தொழுகைக்குப் பின் ஓடைக்கரையில் அமர்ந்திருந்தபோது பேச்சு இம்மலையின் பழைய தலைவனான வல்வில் ஓரியின் பக்கம் திரும்பியது.

ஓரியைப் போரில் கொன்றவன் திருக்கோவலூர்த் தலைவன் மலையமான் திருமுடிக்காரி. வென்ற கொல்லிமலையை அவன் சேரனிடம் ஒப்படைத்தான் என்பதைச் சங்கப் பாடல்களால் அறிகிறோம். ஆயினும் நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களைப் பட்டியலிடும்போது காரியையும் சேர்க்கிறது, ஓரியையும் சேர்க்கிறது. இருவரும் ஒருவரோடொருவர் பொருதவர் என்பதையும் அதே இடத்தில் மறைக்காமல் சொல்கிறது. இதைக் கேட்ட மாணவர் ஒருவர், “கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பட்டியலிலா, ஹஸ்ரத்?” என்று வினவினார். அப்போது நாம் சுருக்கமாக ஏதோ கூறி முடித்தோம். அவ்வினாவை இங்கே சற்று விரிவாகவே எடுத்துக்கொள்வோம். ஏனெனில், பகை நாடுகள் ஒன்றுகூடிப் போர் முடிந்த நாளை நினைவுகூர்வது நமது காலத்தில் ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. அவ்வாறு நடைபெறும் களங்களுள் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது.

மணிப்பூரின் இம்பாலையும் நாகாலாந்தின் கொஹிமாவையுமே குறிப்பிடுகிறோம். 1944ஆம் ஆண்டு மார்ச் முதல் ஜூலை வரை ஜப்பானின் பதினைந்தாம் படையும் பிரிட்டனின் பதினான்காம் படையும் இங்கே மோதின. ஜப்பானியத் தளபதி முதாகுச்சி ஏறத்தாழ 85,000 வீரர்களுடன் பர்மாவைக் கடந்து வந்தார். அவர்களுள் சுமார் 30,000 பேர் மாண்டனர். குண்டுகளால் இறந்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் இறந்தவர்களே அதிகம். மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்து, அங்குள்ள பிரிட்டிஷ் கிடங்குகளைக் கொண்டு உண்ணலாம் என்ற கணக்கில் அவர்கள் புறப்பட்டிருந்தனர். கணக்குத் தவறியது. ஜூன் 22ஆம் நாள் இம்பால்–கொஹிமா சாலை மீண்டும் திறந்தபோது போரின் முடிவு தெளிவாகிவிட்டது. 2013ஆம் ஆண்டு லண்டனிலுள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டன் கண்ட போர்களிலேயே தலையாயது என்று தேர்ந்தெடுக்கப்பட்டது இப்போர்தான்.

ஆனால் பிரிட்டனின் படை என்று நாம் கூறும் அப்படையில் பெரும்பான்மையோர் இந்தியர். பர்மாப் போர்முனையில் மதராஸ் சாப்பர்கள் எனும் பொறியாளர் படைப்பிரிவுத் தமிழர்கள் பாலமும் சாலையும் அமைத்தனர். எதிர்ப்புறத்தில் ஜப்பானியருடன் நின்ற இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் இருந்தனர். அதன் சுபாஷ் படைப்பிரிவிற்கு ஷா நவாஸ் கானும், காந்தி படைப்பிரிவிற்கு இனாயத் கியானியும் தலைமை தாங்கினர். 1944 ஏப்ரல் 14ஆம் நாள் மொய்ராங்கில் மூவர்ணக் கொடியை ஏற்றியவர் ஷௌகத் அலி மாலிக். இம்பாலிலுள்ள இந்திய இராணுவப் போர்க்கல்லறையிலோ எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் அடக்கமாகியுள்ளனர். இந்து, சீக்கிய வீரர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட்டு, அவர்தம் பெயர்கள் தனியாகப் பொறிக்கப்பட்டமையால், அங்கே மண்ணில் உறங்குவோருள் பெரும்பாலோர் முஸ்லிம்களே. ஒரே களத்தில் இருபுறமும் நம்மவர் நின்றனர் என்பதை நமது பாடநூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை.

இக்களம் நட்பின் இடமாக மாறியது எவ்வாறு? அரசுகள் அதைத் தொடங்கவில்லை. கொஹிமாவில் ஜப்பானியப் படைக்கு உணவு வழங்கும் பொறுப்பிலிருந்த மசாவோ ஹிராகுபோ என்ற இளம் அதிகாரி உயிர் தப்பி, பின்னாளில் வணிகராக லண்டனில் குடியேறினார். 1980களில் அவர் தம்மை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்களைத் தேடிச் சென்று பழகினார். முதியோராகிவிட்ட இரு தரப்பினரும் சேர்ந்து கல்லறைகளுக்குச் சென்றனர். கொஹிமாவின் கத்தோலிக்கப் பேராலயம் எழும்ப ஜப்பானிய வீரர்களும் மாண்டோரின் குடும்பங்களும் பொருளுதவி செய்தனர். பிரிட்டிஷ் வீரர்கள் தம் பங்கிற்கு நாகா இளைஞர்களின் கல்விக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினர். போரின் ஐம்பதாம் ஆண்டான 1994இல் இம்பாலுக்குத் தெற்கே செங்குன்று எனப்படும் மேட்டின் அடியில் ஜப்பானிய அரசு நினைவிடம் அமைத்தது. அதனருகே 2019 ஜூன் 22ஆம் நாள், எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை உதவியுடன் இம்பால் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

எல்லாரும் மனம் ஒப்பினர் என்று கூற முடியாது. 1998 மே மாதம் ஜப்பானியப் பேரரசர் அகிஹிதோ லண்டன் வந்தபோது, அவருடைய ஊர்வலம் கடந்த வீதியில் முன்னாள் போர்க்கைதிகள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றனர். அரசர்கள் கைகுலுக்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்பதே அவர்தம் வாதம். 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு தன் கருவூலத்திலிருந்தே அக்கைதிகள் ஒவ்வொருவருக்கும் 10,000 பவுண்டு வழங்கியது. ஜப்பானிடம் கேட்க வழியில்லை. 1951 செப்டம்பர் 8ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் அவ்வழி அடைக்கப்பட்டிருந்தது. இலங்கையின் சார்பில் அங்கே பேசிய ஜே.ஆர். ஜெயவர்தன, புத்தரின் போதனையை எடுத்துக்காட்டி இழப்பீட்டைத் துறந்தார். இந்தியா அம்மாநாட்டில் கலந்துகொள்ளாமல், 1952 ஜூன் 9ஆம் நாள் ஜப்பானுடன் தனியே உடன்படிக்கை செய்து, தானும் இழப்பீட்டைக் கைவிட்டது. பெருந்தன்மையான செயல்கள்தாம். ஆனால் பிறர்மீது இழைக்கப்பட்ட கொடுமையை மன்னிக்கும் உரிமை அரசுக்கு உண்டா?

இங்கே அரபு மொழியின் இரு சொற்களைப் பிரித்தறிவது பயன்தரும். ‘ஹுத்னா’ என்பதன் வேர், அசைவற்று அமைதியாதல் என்ற பொருளுடையது. ஆயுதங்கள் ஓய்ந்திருக்கும் நிலை அது. ‘ஸுல்ஹ்’ என்பது கெட்டுப்போனதைச் சீர்ப்படுத்துதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு ஹுதைபிய்யாவில் பத்தாண்டுகளுக்கென எழுதப்பட்ட உடன்படிக்கை, சட்ட நூல்களில் ஹுத்னாவிற்குச் சான்றாகவும், வழக்கில் ‘ஸுல்ஹுல் ஹுதைபிய்யா’ எனவும் வழங்குகிறது. ‘அல்லாஹ்வின் தூதர்’ என்று எழுதக் கூடாது எனக் குறைஷியரின் பேச்சாளர் சுஹைல் பின் அம்ர் மறுத்தபோது, நபி (ஸல்) அவர்கள் அச்சொல்லை நீக்க இசைந்தார்கள். இதைப் பலமுறை மேடைகளில் கேட்டிருக்கிறோம். நாம் விரைந்து கடந்துவிடுவது அதே உடன்படிக்கையின் மற்றொரு நிகழ்ச்சியை. ஒப்பந்தம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கையில் சுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்குகளுடன் ஓடிவந்து அடைக்கலம் கேட்டார். நிபந்தனைப்படி அவர் திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) அவர்களே நிலைகுலைந்தார்கள்.

ஆயினும் நமது வரலாற்றாசிரியர்கள் அபூஜந்தலை மறைக்கவில்லை. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர் யார் என்பது பெயருடன் எழுதப்பட்டது. பின்னர் அவர் தப்பிச் சென்று கடற்கரைப் பாதையில் அபூபஸீர் (ரலி) அவர்களுடன் சேர்ந்ததும், தம் வணிகக் கூட்டங்களுக்கு நேர்ந்த தொல்லையைத் தாங்காமல் குறைஷியரே அந்நிபந்தனையைக் கைவிடுமாறு மதீனாவிற்கு ஆளனுப்பியதும் பதிவாகியுள்ளன.

இன்னொன்றையும் நினைவிற்கொள்வோம். மக்கா வெற்றிக்குப் பின் பனூ ஜதீமா கூட்டத்தாரைக் காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் படை தவறாகக் கொன்றபோது, அச்செயலுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் முறையிட்டுவிட்டு, அலீ (ரலி) அவர்களைப் பொருளுடன் அனுப்பினார்கள். உயிர்களுக்கு மட்டுமன்றி, நாய் நீர் குடிக்கும் கலத்திற்கும் ஈடு வழங்கப்பட்டதாக இப்னு ஹிஷாம் எழுதுகிறார். மீந்த பொருளையும், யாருக்கும் தெரியாமற்போன இழப்புகள் இருக்கக்கூடும் என்பதற்காக, அலீ (ரலி) அவர்கள் அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார்கள். இதன் அடிப்படையில் அமைந்ததே நமது சட்ட மரபு. கொல்லப்பட்டவனுக்காக மன்னிக்கும் உரிமை அவனுடைய வாரிசுகளுக்கே உரியது. வாரிசற்றவனுக்கு ஆட்சியாளர் பொறுப்பாளராவார். எனினும் அவர் ஈட்டுத்தொகை பெற்று இணங்கலாமேயன்றி, ஒன்றும் பெறாமல் மன்னித்துவிட முடியாது என்பது ஹனஃபி அறிஞர்களின் நிலைப்பாடு. அந்த உரிமை பொதுமக்களுடையது என்று அவர்கள் காரணம் கூறுகின்றனர்.

இம்பால் களத்திற்குப் பின்னாலிருந்த ஓர் இரயில் பாதைக்கு இப்போது வருவோம். பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குப் பொருள் அனுப்புவதற்காகத் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வதைபட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காஞ்சனாபுரிக் கல்லறையில் மட்டும் சுமார் 7,000 பேர் அடக்கம். ஆனால் அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். இறந்தோர் 90,000 அளவில் இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். அவர்களுக்குக் காலராவும் பொதுக்குழியுமே கிடைத்தன. 1967இல் ஜப்பான் மலேசியாவிற்கு அளித்த நல்லெண்ண உதவி இரண்டு கப்பல்களாக வந்து சேர்ந்தது. மாண்டவரின் வாரிசைத் தேடிச் சென்ற ஈட்டுத்தொகை அன்று அது.

அப்பாதையில் சித்திரவதைக்குள்ளான ஸ்காட்லாந்து வீரர் எரிக் லோமாக்ஸ், விசாரணையின்போது மொழிபெயர்ப்பாளராக இருந்த தகாஷி நகசேயை 1993இல் அதே பாலத்தருகே சந்தித்துக் கைகொடுத்தார். உலகம் அறிந்த நிகழ்ச்சி இது. நகசே வாழ்நாள் முழுதும் பரிகாரம் தேடி அவ்வூருக்குப் பலமுறை வந்து சென்றவர், அங்கே ஒரு கோயிலும் எழுப்பியவர். லோமாக்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது; ஒரு நூல் எழுதினார்; அவரால் நகசேயைக் கண்டுபிடிக்க முடிந்தது. தோட்டத் தொழிலாளி ஒருவன் எந்த நகசேயை எவ்வாறு கண்டுபிடித்திருப்பான்?

வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. போர் ஓயும் முன்பே, 1944இல், ஜப்பானியப் படை தானே இறந்தோருக்காகக் காஞ்சனாபுரியில் ஒரு நினைவுத்தூண் நிறுவியது. அதில் பதிக்கப்பட்ட கல்வெட்டுகளுள் ஒன்று தமிழிலானது. கொன்றவர்களுக்கே அங்கே கிடந்தோரின் மொழி தெரிந்திருந்தது. பின்வந்த ஒப்பந்தங்களில்தான் அம்மொழி காணாமற்போயிற்று. 2023 மே மாதம் தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால், தமிழக அரசின் நிதியுதவியும் சேர, அதே ஊரில் மாண்ட தமிழருக்கு நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. ஓரியின் காலத்து வழக்கம் எண்பதாண்டுத் தாமதத்துடன் வந்து சேர்ந்தது.

அதே மே மாதம் மூன்றாம் நாள்தான் மணிப்பூரில் மெய்தெய், குகி மக்களிடையே கலவரம் மூண்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அறுபதாயிரம் அளவிலானோர் வீடிழந்தனர். பிரிட்டனும் ஜப்பானும் மலர்வளையம் வைத்த செங்குன்றும் அப்பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. 1944இல் இரு பேரரசுகளின் குண்டுகள் விழுந்ததும் இம்மக்களின் வயல்களிலும் குடிசைகளிலும்தான். அவர்களுக்கிடையே ஹுத்னாவே இன்னும் உறுதிப்படாதிருக்க, ஸுல்ஹைப் பற்றி எவ்வாறு பேசுவது?

மாணவரின் வினாவிற்கு நாம் அன்று கூறாமல் விட்டது இதுவே: பட்டியலில் காரியும் ஓரியும் இருக்கிறார்கள், முள்ளூரிலிருந்தும் கொல்லியிலிருந்தும் அவர்களுடன் வந்து வீழ்ந்தவர்கள் இல்லை. ஆடி மாதந்தோறும் மலைமேல் செம்மேட்டில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. அடுத்தமுறை அப்பக்கம் செல்கையில் அம்மாணவரையும் உடனழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம்.