கணிப்பொறிப் பெட்டியும் காலதரும்

சாளரத்திற்குக் 'காலதர்' என்றொரு பெயர் சிலப்பதிகாரத்தில் வழங்குகிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளி வருவதற்கும் தெருவைப் பார்ப்பதற்கும் முன்னதாகக் காற்று வந்துபோகும் வழியாகவே சாளரத்தை நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இச்சொல்லே சான்று. கணிப்பொறி வாங்கச் செல்லும் மாணவர் ப்ரோசசரைப் பற்றி நூறு கேள்வி கேட்பர். அதனைத் தாங்கும் பெட்டியை, கடைக்காரர் மொழியில் 'கேபினெட்'டை, வண்ணவிளக்கின் அழகு பார்த்துத் தேர்ந்துவிடுவர். அப்பெட்டிக்குக் காலதர் உண்டா என்று கேட்பார் அரியர். கேளாமையால் நேர்ந்த இழப்பொன்றை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில், காடாம்புலியூரில் மாணவர் ஒருவரின் இல்லத்தில், அவருடைய பாட்டியார் மனப்பாடமாகப் பாடிவந்த முனாஜாத்துகளை ஒலிப்பதிவு செய்தோம். மேசைமேல் கணிப்பொறி, அதனருகே மைக். கூரை மின்விசிறியின் ஓசை கலந்துவிடக் கூடாதென்று அதனை நிறுத்தினோம். அறை புழுங்கியது. புழுக்கம் ஏறஏறப் பெட்டிக்குள்ளிருந்த சிறு விசிறி விரைவு கூட்டி இரையத் தொடங்கியது. பாட்டில் ஆழ்ந்திருந்த எங்களில் எவருக்கும் அது உறைக்கவில்லை. பின்னர்க் கேட்டபோது அம்மையாரின் குரலுக்கு அடியில் வண்டு மரம் குடைவது போன்ற ஓசை தொடர்ந்து வந்தது. மென்பொருளால் அதனை நீக்க முயன்றபோது குரலின் குழைவும் உடன் போயிற்று. மீண்டும் சென்று பதிவு செய்யலாம் என்றிருந்தோம். அடுத்த ரமளானுக்குள் அவர் வஃபாத்தானார். முனாஜாத்தின் சொற்கள் ஏடுகளில் கிடைக்கக்கூடும். அவர் பாடிய மெட்டு எந்த ஏட்டிலும் இல்லை.

அன்று விசிறியைக் குற்றம் சொன்னோம். குற்றம் பெட்டியினுடையது என்பது பிறகே விளங்கிற்று. கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 100 வாட் மின்சாரம் உண்ணும் பொறியில், உட்செல்லும் காற்றைவிட வெளியேறும் காற்று 5 பாகை மட்டுமே சூடேற வேண்டுமாயின், நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 கனமீட்டர், அதாவது 1000 லிட்டர் காற்று பெட்டிக்குள் புகுந்து வெளியேற வேண்டும். விசிறிகளால் பெட்டியின் உள்ளிடத்தை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக இயலாது என்பதையும் நினைவில் கொள்ளல் வேண்டும். அக்கினி நட்சத்திர நாளில் அறை 38 பாகையில் இருந்தால் பெட்டியின் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. குளிர்நாட்டார் எழுதும் பரிந்துரைகள் நமக்கு அப்படியே பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

இரைச்சலின் கணக்கு இதனினும் சுவையானது. விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஆனால் அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறைந்துவிடும். 10 டெசிபெல் குறைந்தாலே செவிக்கு ஓசை பாதியானதுபோல் தோன்றும். ஒத்த இரு விசிறிகளைச் சேர்த்து வைத்தால் கூடுவதோ 3 டெசிபெல் மட்டுமே. எனவே ஒரு விசிறியை முழு விரைவில் ஓட்டுவதைவிட, இரண்டை அரை விரைவில் ஓட்டினால் காற்று அதே அளவு. ஓசையோ மிகக் குறைவு. அவ்வாறே 80 மி.மீ. விசிறி விரைந்து சுழன்று செய்யும் பணியை 120 அல்லது 140 மி.மீ. விசிறி நிதானமாகச் செய்து முடிக்கும். காற்றோட்டம் மிகுந்த பெட்டி இரைச்சலும் மிகுந்ததாக இருக்கும் என்னும் எண்ணம் பெரும்பாலும் தவறு. மூச்சு முட்டும் பெட்டியே இரைகிறது.

விசிறி மட்டும் போதாது, வழியும் வேண்டும். பாரசீக நாட்டு யஸ்து நகரத்து வீடுகளின்மேல் நிற்கும் 'பாத்கீர்' என்னும் காற்றுக் கோபுரங்களைப் படத்தில் கண்டிருப்பீர்கள். காற்று புக ஒரு வாயில், வெளியேற மற்றொன்று என்பதே அவற்றின் அடிப்படை. நல்ல பெட்டியிலும் முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் குளிர்காற்று நுழைந்து, பின்புறத்தின் மேற்பகுதியில் சூடான காற்று வெளியேறும். இன்று பலரும் விரும்பும் பெட்டிகளில் முன்புறம் முழுதும் கண்ணாடி; பின்னே மூன்று விசிறிகள் ஒளிவீசிச் சுழலும். காற்றுக்கோ ஓரத்தில் விரல் நுழையும் இடுக்குத்தான். முன்புறம் நுண்துளை வலையாக அமைந்த பெட்டியே நமக்கு ஏற்றது. உட்புறம் ஒலியடக்கும் பஞ்சுப்பட்டை ஒட்டியவையும் விற்கின்றன. அவை ஓசையோடு காற்றையும் ஓரளவு தடுப்பதால் குளிர்வசதி உள்ள அறைக்கன்றி நான் பரிந்துரையேன்.

தூசு நம் வட்டாரத்தின் தனிச்சிக்கல். காடாம்புலியூர்ப் பக்கத்தில் செம்மண்ணும் நெடுஞ்சாலைப் புழுதியும். போதாக்குறைக்கு முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையின் எண்ணெய்ப்பசை. கடலூர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் ஈரம் தூசை ஒட்டவைத்து, திருகாணிகளையும் துருவேற்றும். இதற்கு ஒரு வழி உண்டு. வெளியேற்றும் விசிறிகளைவிட உள்ளிழுக்கும் விசிறிகள் சற்று மிகுதியாக இருக்கட்டும். அவற்றின் முன் கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி இருக்கட்டும். அப்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் சிறிது கூடி, இண்டு இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமேயன்றிப் புழுதி உட்புகாது.

கடையில் பெட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். தகரடப்பா போல் ஒலிக்கும் மெல்லிய தகடு பின்னாளில் ஹார்ட் டிஸ்க்கின் அதிர்வோடு சேர்ந்து முனகும். ஹார்ட் டிஸ்க் அமரும் இடத்தில் ரப்பர் வளையம் உண்டா என்று பாருங்கள். பெட்டியோடு சேர்த்து மலிவாகத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்காமல் தரமானதைத் தனியே வாங்குவது நன்று. அதன் விசிறியும் ஓர் ஓசைக்காரனே. பழைய கணிப்பொறி வைத்திருப்போர் கலங்க வேண்டியதில்லை. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவுமுறை இன்றும் வழக்கில் இருப்பதால், பெரும்பாலும் பெட்டியை மட்டும் மாற்றி உள்ளுறுப்புகளை அப்படியே பொருத்திக் கொள்ளலாம்.

பொருத்தியபின் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி முன்வலை அருகே சற்றுத் தொலைவில் பிடியுங்கள். புகை உள்நோக்கி இழுபட வேண்டும். பின்புறம் பிடித்தால் விலகி ஓட வேண்டும். மாறாக நடந்தால் விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்பது பொருள். எங்கள் துறைக்கு வந்த பெட்டியில் அப்படித்தான் இருந்தது. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவி, ஈரம் முற்றும் உலர்ந்தபின் மாட்டுங்கள். ஒலிப்பதிவு செய்வதாயின் மைக்கிற்கு நீண்ட கம்பி வாங்கி, பெட்டியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.