பில் போட்டாச்சு, பணம் எங்கே?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி பக்கம் ஜாப் ஆர்டர் பட்டறை நடத்துகிறவர்களுக்குச் சனிக்கிழமை வந்தாலே வயிற்றைக் கலக்கும். அன்று வாரச் சம்பளம் போட வேண்டும். பம்புக்கான உதிரிபாகத்தை லேத்தில் கடைந்து கொடுத்து, பில்லும் அனுப்பி, இரண்டு மாதம் ஓடியிருக்கும். போன் செய்தால், "அடுத்த வாரம் போட்டு உட்டுடறேனுங்க" என்று மரியாதையாகத்தான் பதில் வரும். அந்த மரியாதையை வைத்து ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாது என்பதால், வீட்டு நகை ஏதாவது ஒன்று வங்கிக்குப் போகும்.

தொழில்முனைவோர் மேடைகளில் துணிச்சல், புதுமை, விடாமுயற்சி என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பாக்கி வசூலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பட்டறை ஏன் மூடியது என்று விசாரித்தால், பல இடங்களில் ஆர்டர் இருந்திருக்கும், வேலை தெரிந்த ஆளும் இருந்திருப்பார். கையில் காசுதான் இருந்திருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 3 லட்ச ரூபாய்க்குப் பொருள் செய்து கொடுக்கும் ஒரு சிறு யூனிட். லாபம் 10 சதவீதம், அதாவது 30,000 ரூபாய். வாங்குபவர் 90 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்றால், எப்போது பார்த்தாலும் 9 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். அந்த ஓட்டையை வங்கி ஓ.டி.யில் 12 சதவீத வட்டிக்கு அடைத்தால் மாதம் 9,000 ரூபாய் போய்விடும். வங்கி கைவிரித்து, வெளியே ரெண்டு வட்டிக்கு வாங்கினால் 18,000. லாபத்தில் பாதிக்கு மேல் வட்டிக்காரருக்கே. இதில் ஜி.எஸ்.டி.யைச் சேர்க்கவில்லை. 18 சதவீதம் வரியுள்ள பொருள் என்றால் 3 லட்சத்துக்கு 54,000 ரூபாய். மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்ததுபோக மீதியை அடுத்த மாதம் 20 அல்லது 25ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்தியாக வேண்டும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா என்று அரசு கேட்காது.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆர்டர் இரட்டிப்பானால் வெளியே நிற்கும் பணமும் 18 லட்சமாகிவிடும். இரும்புக்காரரோ கையில் காசு இல்லாமல் சரக்கை இறக்க மாட்டார். பெரிய கம்பெனி ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் இனிப்பு கொடுத்தவர், ஆறு மாதத்தில் ஆடிட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டு வட்டி. வங்கி வீதம் 6.75 சதவீதமாக இருந்த 2024இல் இது 20.25 சதவீதம். முறையீட்டை விசாரிக்கச் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் வசதியாக்கக் குழுக்கள் இருக்கின்றன. குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக நினைக்கும் வாங்குபவர், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இவ்வளவு இருந்தும் பட்டறைக்காரர் ஏன் புகார் கொடுப்பதில்லை? கொடுத்த மறுநாளே அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் என்ற பயம்தான். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே கம்பெனியை நம்பி நாலு லேத் ஓட்டுகிறவர், அந்தக் கம்பெனி மீதே வழக்குப் போட முடியுமா? சட்டத்தை எழுதியவர்கள் இந்த இடத்தைச் சரியாக யோசிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அந்தக் குறையை வருமான வரி வழியாகச் சரிசெய்ய 2023இல் ஒரு முயற்சி நடந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற புதிய உட்பிரிவு நுழைந்தது. உரிய நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்தக் கொள்முதலை அந்த ஆண்டுச் செலவாகக் கணக்கில் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். சிறு நிறுவனம் புகாரே கொடுக்க வேண்டாம், வாங்கியவரின் ஆடிட்டரே அவரை விரட்டுவார். நல்ல யோசனை. ஆனால் பதிவு பெறாதவரிடமோ, நடுத்தர நிறுவனத்திடமோ வாங்கிக்கொள்ளலாம் என்று நழுவப் பார்க்கும் வியாபாரிகளும் கிளம்பினார்கள். சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

'டிரெட்ஸ்' என்ற இணையச் சந்தை இன்னொரு வழி. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு நடப்பது. வாங்கியவர் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து, சிறு வட்டியைக் கழித்துக்கொண்டு உடனே பணம் தரும். பிறகு வாங்கியவர் பணம் கட்டத் தவறினால் வங்கி விற்றவரைப் பிடிக்க முடியாது என்பது இதன் சிறப்பு. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் இதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் அரசு உத்தரவிட்டது. சேர்வது வேறு, பில்லை அங்கே ஒப்புக்கொள்வது வேறு, இரண்டாவதில்தான் இழுபறி.

எந்த வழியில் போனாலும் கடைசியில் கேட்பது காகிதத்தைத்தான். பர்ச்சேஸ் ஆர்டர் எங்கே? டெலிவரி சலானில் கையெழுத்து இருக்கிறதா? பில்லில் எம்.எஸ்.எம்.இ. பதிவான உத்யம் எண் இருக்கிறதா? போனில் ஆர்டர் எடுத்து, ஆட்டோவில் சரக்கை ஏற்றி அனுப்பிவிட்டு, நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருப்பவரிடம் பதில் இருக்காது.

கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதனின் அனுபவம் இங்கே பொருந்தும். ஷாம்பூவைச் சாஷேயில் அடைத்து விற்பதில் முன்னோடியான சின்னி கிருஷ்ணனின் மகன். 1983இல் குடும்பத் தொழிலைவிட்டு வெளியேறி, 15,000 ரூபாயில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். பின்னாளில் அது கவின்கேர் ஆனது. அடமானம் வைக்க எதுவும் இல்லாததால் முதல் மூன்று ஆண்டுகள் கடனே கிடைக்கவில்லை. பிறகு ஒரு வங்கி அதிகாரி 25,000 ரூபாய்க்குப் பரிந்துரைத்தார். இவரிடம் அடமானச் சொத்து இல்லை, ஆனால் மற்ற சிறு யூனிட்டுகளைப் போலில்லாமல் வருமான வரி கட்டுகிறார் என்பதுதான் அந்த அதிகாரி எழுதிய காரணம் என்று ரங்கநாதனே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். வரியை மிச்சம்பிடிப்பதாக நினைத்து விற்பனையைக் குறைத்துக் காட்டுகிறவர், தன் கடன் தகுதியையும் அதே கையால் குறைத்துக்கொள்கிறார்.

யாருக்கு விற்பது என்பதிலும் கவனம் வேண்டும். 1970இல் ராயபுரத்தில் 13,000 ரூபாயோடு ஐஸ்கிரீம் செய்யத் தொடங்கிய ஆர்.ஜி. சந்திரமோகன், சென்னையில் பெரிய பிராண்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்காமல், அவை எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்குத் தன் 'அருண்' ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். ஜாப் ஆர்டர் பட்டறைக்கு அந்தச் சுதந்திரம் குறைவுதான். ஆனாலும் ஒரே வாடிக்கையாளரிடம் மொத்த வேலையையும் ஒப்படைக்காமல், மூன்று நான்கு பேருக்குப் பிரித்துச் செய்தால், பணம் கேட்கும்போது குரல் கொஞ்சம் உயரும்.

உத்யம் பதிவு ஆர்டர் எடுப்பதற்கு முன்பே இருப்பது நல்லது. சரக்கு கொடுத்துவிட்டுப் பின்னால் பதிவு செய்தவர், பழைய பாக்கிக்குச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு அரசின் இணையதளத்திலேயே நடக்கிறது. கட்டணம் ஒரு பைசா கிடையாது. செய்து தருகிறேன் என்று காசு கேட்டு யாராவது வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.