கணிப்பொறி வரலாற்றுக் காட்சிச்சாலையும் எழுத்துத் திறவுகோலும்

தேனி மாவட்டத்தில் வையைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துடைய மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறித்துவுக்கு முற்பட்டன என்பது ஆய்வாளர் துணிபு. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளைக் குறிக்கின்றது. ‘ஆகோள்’ தொல்காப்பியர் வெட்சித்திணையுள் வைத்த துறை. ஊர்ப்பெயரோ கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் அப்பெயரால் வழங்கும் கூடலூரை நினைவூட்டுகின்றது.

இக்கல்லை நாம் படித்தறிதற்குக் கல் அழியாதிருந்தமை மட்டும் காரணமன்று. பிராமியைப் படிக்கும் முறை பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டிருந்தது. 1837இல் சேம்சு பிரின்செப்பு அசோகன் கல்வெட்டுகளைப் படித்தறிந்தார், 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் தமிழகக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என விளக்கினார். ஆதலின் ஆவணம் வேறு, அதனைப் படிக்கும் திறவுகோல் வேறு என்பது தெளிவு. இவ்வுண்மை கணிப்பொறி வரலாற்றுக்கும் பொருந்துமாற்றை ஈண்டுக் காண்போம்.

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் கணிப்பொறி வரலாற்றுக் காட்சிச்சாலை ஒன்று உள்ளது. 1979இல் மாசசூசெட்சில் தொடங்கிய காட்சிச்சாலையே அதன் மூலம். 2011இல் திறக்கப்பெற்ற அதன் பெருங்காட்சி, மணிச்சட்டம் முதலாகக் கணித்தற் கருவிகள் வளர்ந்த வரலாற்றைக் காட்டுவது. அங்கு ஐ.பி.எம். 1401 என்னும் பழைய பொறி செப்பனிடப்பெற்று மீண்டும் இயக்கப்பட்டது. பொறிகளோடு அமையாது, மென்பொருள்களின் மூலநிரல்களையும் அச்சாலை திரட்டுகின்றது. 2013இல் ஃபோட்டோசாப்பின் முதற்பதிப்பு நிரலையும், 2014இல் எம்.எஸ்.-டாசின் பழைய நிரல்களையும் ஆய்வார்க்கு வெளியிட்டது. நிரலின்றேல் பொறி வாளா கிடக்கும் என்பதனை அவர்கள் உணர்ந்துள்ளனர்.

தமிழுக்கு இதனினும் நுண்ணியதொரு தேவை உண்டு. கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே கொள்ளும். எட்டு நுண்மி முறையில் அமையும் எண்ணிடங்கள் 256. டிஸ்கி, டாப் முதலிய இருமொழி முறைகளில் முற்பாதி உரோமன் எழுத்துக்கும் குறிகளுக்கும் உரியது. தமிழ் பிற்பாதியில் அமைந்தது. ஒவ்வொரு முறையும் தமிழெழுத்துகளை வெவ்வேறு வகையில் அடைவு செய்தது. எனவே ஒரே எண் ஒரு முறையில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறிக்கும். டிஸ்கியில் எழுதியதை டாப் எழுத்துருவில் திறப்பின் பொருளற்ற எழுத்துக் கோவையே தோன்றும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் முறைகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. இடைப்பட்ட காலத்தே பழைய முறைகளில் உருவாகி மாற்றப்பெறாத ஆய்வேடும் சுவடிப் பதிப்பும், திறவுகோல் இழப்பின், நம் கண்முன்னரே படிக்கவொண்ணாதனவாகும். கல், படிப்பார் வருமளவும் காத்திருந்தது. காந்தத் தட்டு அவ்வாறு காத்திராது.

ஆதலின் தமிழ்க் கணிப்பொறி வரலாற்றைக் காக்க முற்படுவோர் பொறிகளை மட்டும் அடுக்கி வைத்தல் போதாது. எழுத்துரு, குறியீட்டு அட்டவணை, விசைப்பலகை அமைப்பு, மாற்றி நிரல் ஆகியவற்றை ஆண்டுக் குறிப்புடன் தொகுத்தல் வேண்டும். இது பொறியியலார் பணி மட்டுமன்று. சுவடியும் கல்வெட்டும் பயின்ற தமிழ்த்துறையினர் தம் பணியுமாம்.