உங்களுக்குத் தெரியுமா? யாழ்ப்பாணத் தீவகத்தில் அகலக்கோண லென்ஸ்

● முழுச்சட்டகக் கமராவில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகையையே பார்க்கும். 24 மி.மீ. லென்ஸ் 84 பாகையையும், 16 மி.மீ. லென்ஸ் 107 பாகையையும் அடக்கிவிடும்.

● அதனால் நெடுந்தீவின் பெருக்கு மரத்தைக் கிட்ட நின்றே முழுதாக எடுக்கலாம். கூட நிற்பவர்களை நடுவில் நிறுத்துங்கள். ஓரத்தில் நின்றால் முகம் இழுபட்டு அகன்றுவிடும்.

● நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கோபுரத்தைக் கமராவை அண்ணாத்தி எடுத்தால், அது பின்னால் சாய்வதுபோல் தெரியும். தள்ளி நின்று கமராவை மட்டமாகப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும்.

● ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள ஹம்மன்ஹீல் கடற்கோட்டை அகலக்கோண லென்ஸில் மிகச் சிறிதாகிவிடும். கரையில் நிற்கும் வள்ளமொன்றை முன்னே வைத்து எடுத்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கும்.

● பல அகலக்கோண லென்ஸ்கள் ஓரத்து நேர்கோடுகளை வெளிப்புறமாக வளைக்கும். கடல் அடிவானம் படத்தின் சரிநடுவே ஓடினால் வளையாது.

● படகில் கடல்நீர் தெறித்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். உப்புத் துகள் கண்ணாடியின் பூச்சைக் கீறும். நன்னீரில் நனைத்த மென்துணியால் முதலில் ஒற்றியெடுங்கள்.