தொப்பூர் இறக்கமும் மோட்டார் காரின் பேணுகையும்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, அதியமான்கோட்டையைத் தாண்டிச் சில கல் தொலைவு சென்றதும், தொப்பூர்க் கணவாயில் வளைந்து வளைந்து இறங்குகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. முன்னர் 7 என்ற எண்ணால் வழங்கியது. அங்குள்ள இரட்டைப் பாலத்தின் பெயரைச் செய்தித்தாளில் நீங்கள் படித்திருப்பீர்கள். 2020 டிசம்பரில் அவ்விறக்கத்தில் ஒரு லாரி கட்டுப்பாட்டை இழந்து, முன்னே நின்றிருந்த வாகன வரிசையில் மோதியது, நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மீண்டும் ஒரு மோதல், மீண்டும் நால்வர். மோட்டார் காரைப் பேணுவது பற்றிப் பேச வந்தவன் சாவைப் பற்றிப் பேசித் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டா. காரைப் பேணுதல் என்றவுடன் நம்மவர் பலருக்கும் வாளியும் ஈரத்துணியுமே நினைவுக்கு வருகின்றன. அவ்வெண்ணத்தைச் சற்று மாற்றிவிட வேண்டும் என்பதே என் நோக்கம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று, 200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 23½ லட்சம் ஜூல் ஆற்றல் கிடைக்கிறது. வண்டியின் வேகம் கூடாமல் இருக்கவேண்டுமானால் இவ்வாற்றல் வேறெங்காவது போயாக வேண்டும். காற்றும் சாலையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சியதை பிரேக்கிடம் மட்டுமே ஒப்படைத்தால் அது வெப்பமாக மாறும். 23½ லட்சம் ஜூல் வெப்பம், 25 பாகை சூடுள்ள ஏழரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 30 டன் லாரிக்கு இதைப்போல் 25 மடங்கு என்றால், அதன் பிரேக்குகள் படும் பாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பட்டைகளின் பிடிப்பு குறைந்துவிடும். அதைவிட வஞ்சகமான கேடு ஒன்றும் உண்டு. நாம் மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது, மெல்லிய குழாயில் நிறைந்திருக்கும் பிரேக் எண்ணெய். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்ற பாஸ்கல் தத்துவமே இதற்கு அடிப்படை. இந்த எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 என்னும் வகை புதிதாய் இருக்கையில் குறைந்தது 205 பாகை வரை கொதியாது. ஈரம் ஏறிய பின் அவ்வளவு 140 பாகைக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், திரவம் அமுங்காது, ஆவியோ அமுங்கும். மிதித்த மிதி தரை வரை போகும். வண்டி மட்டும் நில்லாது. பிரேக் எண்ணெயை ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று இதைத் தள்ளிப்போடுவோர் பலர். சமதரையில் நன்றாகத்தான் ஓடும்.

இறக்கத்தில் செய்யத்தக்கது யாது? ஏற்றத்துக்கு எந்தக் கியரைப் போடுவோமோ அதே கியரில் இறங்கவேண்டும். அப்போது சக்கரங்கள் இஞ்சினைச் சுழற்ற நேர்வதால், இஞ்சினே ஒரு பிரேக்காகி ஆற்றலின் பெரும் பங்கை விழுங்கிக்கொள்கிறது. சிலர் எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக எண்ணி வண்டியை நியூட்ரலில் உருட்டிவிடுகின்றனர். இக்காலத்து இஞ்சின்களில், கியரில் இறங்கும்போது கணிப்பொறி எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டாலோ இஞ்சின் நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைப்பவரே வீணாக்குகிறார். இஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவோரும் உளர். பிரேக்கை மிதிக்க நமக்குத் துணை நிற்பது பெரும்பாலான கார்களில் இஞ்சின் உண்டாக்கும் வெற்றிடமாகும். அது நின்றபின் இரண்டொரு மிதிக்கு மேல் மிதி கல்லாய்க் கெட்டிப்பட்டுவிடும். மின்சாரக் கார்கள் இறக்கத்து ஆற்றலை மின்கலத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆயினும் மின்கலம் முற்றும் நிரம்பியிருக்கும்போது அவற்றாலும் அதை வாங்கிக்கொள்ள இயலாது.

இறக்கத்தின் கதை இது. ஏற்றத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பின் பழைய கார் ஒன்றை வாங்கினேன். ஒரு மே மாத நண்பகலில், சேலத்திலிருந்து திரும்புகையில், இதே கணவாயின் ஏற்றத்தில் வெப்பமானியின் முள் மேலேறியது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறிற்று. வண்டியை ஓரங்கட்டி, கைக்குட்டையை மடித்து, ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். அங்கே நிறுத்தியிருந்த லாரியின் ஓட்டுநர் ஓடிவந்து என் கையைப் பற்றினார். "ஐயா, தொடாதீங்க! மூஞ்சி வெந்துடும்" என்றார். அவர் சொன்னதே அறிவியல். ரேடியேட்டரின் மூடி, சமையலறைக் குக்கரின் மூடியைப் போல அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. அவ்வழுத்தத்தினால் உள்ளிருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதியாமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் நீங்கி, நீரின் ஒரு பகுதி திடீரென ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்ட பின்னரே அதைத் தொடலாம்.

ஒருவாறு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சேர்த்தேன். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி, அதன் குழாய்களின் வாயைக் காட்டினார். இட்லிப் பானையின் அடியில் படியுமே, அதே வெள்ளைக் காரை. "என்ன தண்ணி சார் ஊத்துனீங்க?" என்று கேட்டார். வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீரைத்தான் மாதக்கணக்கில் ஊற்றிவந்தேன். நீரின் கடினத்தன்மையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். கால்சியம் பைகார்பனேட்டைச் சூடாக்கினால் கால்சியம் கார்பனேட்டும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகும் என்னும் சமன்பாட்டை உறக்கத்திலும் ஒப்பிப்பேன். அச்சமன்பாடு என் காருக்குள்ளேயே நிகழ்ந்துகொண்டிருந்ததை மட்டும் அறியவில்லை! சுண்ணப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் இஞ்சினின் சூடு காற்றுக்குப் போகவும் வழியில்லை. அடைபட்ட குழாய்களில் நீர் ஓடவும் வழியில்லை.

இங்கே மாணவர்கள் செய்யும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீர் என்றவுடன் ஃபுளோரைடு என்று விடை வரும். ஃபுளோரைடு மிகுதியால் பற்களில் பழுப்புக் கறை படிந்தவர்களை இம்மாவட்டத்தார் அனைவரும் கண்டிருப்பர். காவிரி நீரைக் கொண்டு வரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதும் அத்துன்பத்தைப் போக்குவதற்கே. ஆனால் ரேடியேட்டரை அடைப்பது ஃபுளோரைடு அன்று. அது கால்சியம், மக்னீசியம் உப்புகளின் வேலை. பல்லைக் கெடுப்பது ஒன்று, பானையில் படிவது மற்றொன்று.

இதற்கு மாற்று, உப்பு நீக்கிய நீரும் கிளைக்கால் சேர்ந்த திரவமும் ஆகும். கூலன்ட் என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது அதுவே. அது கொதிநிலையைச் சற்று உயர்த்துவதோடு, உலோகம் துருப்பிடிக்காமலும் காக்கிறது. வாரம் ஒருமுறை, வண்டி குளிர்ந்திருக்கும் காலை வேளையில், பக்கத்திலுள்ள சிறு தொட்டியில் திரவம் இரு கோடுகளுக்கு இடையே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வழியில் ஆபத்து நேர்ந்தால், இஞ்சின் ஆறிய பின் கிடைத்த குடிநீரை ஊற்றி ஊர் வந்து சேரலாம். பின்னர் அதை வடித்துக் கழுவிவிட வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதையும் மறவாதீர்கள். கீழே சிந்தியதை நாய் நக்கினாலும் உயிர் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் தண்ணீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது பெருங்குற்றம்.

என் கார் அந்நாளில் பார்வைக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாள்தோறும் துடைத்து, மெழுகு பூசி, கண்ணாடிபோல் வைத்திருந்தேன். தகடூரை ஆண்ட அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூற்றில் படித்திருப்பீர்கள். நெய் பூசி, பீலி சூட்டி, காவல் மனையில் வரிசையாய் வைக்கப்பட்டிருந்த தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்வதுபோலப் புகழ்ந்தார் ஔவையார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். தகடூரான் ஊரில் இருந்துகொண்டு நான் தொண்டைமான் கார் வைத்திருந்தேன் என்று நண்பரொருவர் கேலி செய்தார். அது நியாயமான கேலிதான்.

அப்படியானால் துடைப்பதும் கூட்டுவதும் வேண்டாவோ? வேண்டும்; ஆனால் அழகுக்காக அன்று. சென்ற ஆண்டு பேரனை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். பின்னிருக்கையின் அடியில் கிடந்த தண்ணீர்ப் புட்டி ஒன்று, சரிவில் உருண்டு முன்னே வந்து, பிரேக் மிதிக்கும் தரைக்கும் இடையே சிக்கிக்கொண்டது. மிதித்தேன், மிதி பாதியில் நின்றது. மூன்றாம் கியரில் இருந்ததால் வேகம் மிகவில்லை. குதிகாலால் அதை எற்றித் தள்ளுவதற்குள் வேர்த்து விறுவிறுத்துப் போனேன். பேரனுக்கு ஒன்றும் தெரியாது. சாளரத்தின் வழியே குரங்குகளை எண்ணிக்கொண்டிருந்தான். அன்று முதல் புறப்படுமுன் நான் முதலில் பார்ப்பது ஓட்டுநரின் காலடியைத்தான். புட்டி, கழற்றிவிட்ட செருப்பு, கொக்கியில் மாட்டாமல் நழுவும் கால்மிதி விரிப்பு ஆகிய மூன்றும் அங்கே இருக்கலாகாது. விரிப்பின்மேல் மற்றொரு விரிப்பைப் போடும் வழக்கமும் தீது. மேல் விரிப்பு நகர்ந்து ஆக்சிலரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஒகேனக்கலுக்குச் சென்று எண்ணெய் தேய்த்துக் குளித்து வருவோர் நம்மில் மிகுதி. குளித்தவர் ஈர உடையோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் அப்படியே காரில் ஏறிக்கொள்கின்றனர். இருக்கையின் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி, மூடிய காருக்குள் இரண்டு நாளில் பூஞ்சை நாற்றம் பரவும். எண்ணெய்க் கறை புழுதியை ஈர்த்துக் கறுக்கும். இவை சகித்துக்கொள்ளத்தக்கவை. எண்ணெய்க் காலால் மிதித்த பிரேக் மிதியும், எண்ணெய்க் கையால் பற்றிய ஸ்டியரிங்கும் வழுக்குமே, அதுதான் கேடு! பென்னாகரம் வரை வளைவுகள் நிறைந்த மலைப்பாதை வேறு. ஆகவே ஓட்டுபவர் காலையும் கையையும் சோப்பிட்டுக் கழுவி உலர்த்திய பின்பே அமர வேண்டும். இருக்கையில் பட்ட எண்ணெயின்மேல் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் தட்டி எடுத்து, மெல்லிய சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். பின் நிழலில் நான்கு கதவுகளையும் திறந்து நன்கு உலர்த்த வேண்டும். டேஷ்போர்டைப் பளபளப்பாக்கும் திரவங்களை ஸ்டியரிங்கிலோ மிதிகளிலோ தடவிவிடாதீர்கள். அவையும் எண்ணெயின் உறவினரே.

வெயிலில் நிறுத்திய காரைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடி வழியே ஒளி உள்ளே புகுகிறது. உட்பொருள்கள் சூடேறி வெளியிடும் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. முதற் பத்து நிமிடத்திலேயே உள்வெப்பம் 10 பாகை அளவு உயர்ந்துவிடும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் 55 பாகையையும் தாண்டலாம். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும்பயன் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவருடையதைக் காட்டிலும் மிக விரைவாகச் சூடேறும். கடையில் ஒரு பொருள் வாங்கும் நேரந்தானே என்று உறங்கும் குழந்தையை உள்ளே விட்டுப் பூட்டுவதை உங்கள் வீட்டில் யார் செய்தாலும் தடுங்கள். பெரியவராயிற்றே என்று தயங்காதீர்கள்.

டயரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். காற்றின் அளவை வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்கவேண்டும். உரிய அளவு ஓட்டுநர் கதவின் ஓரத்தில் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். பள்ளங்களுக்கிடையே சிறு ரப்பர்த் திட்டுகள் உள்ளன; தேய்மானம் அவற்றை எட்டினால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர் மட்டுமே, மாற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியிலும் இதைப் பாருங்கள். பயன்படாமலே கிழண்டுபோவது அதுதான்.

நான் இப்போது ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டைக் காரிலேயே வைத்திருக்கிறேன். இஞ்சின் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலன்ட், டயர் ஆகியவற்றை என்று மாற்றினேன், அப்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பனவற்றைத் தேதியோடு எழுதிவருகிறேன். எழுதுவது பேரன், பிழை திருத்துவது நான். கடைசிப் பக்கத்தில், யார் சொல்லியும் இன்றி, "தண்ணீர்ப் புட்டி இனி என் மடியில்" என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறான்.